நிலைக்கு அடியில் வைத்தது

மும்பை செம்பூரில் மெட்டல் டிடெக்டர் விற்கும் ஓர் அலுவலகத்தில் நான் சர்வீஸ் இன்ஜினியர். விலை கூடிய மாடல்களில் எது பெட்டியோடு வரும், எது கூடுதல் என்று வாங்க வருகிறவர்களிடம் ஒப்பிப்பதும் என் வேலை. ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும். நடந்த பாதையையும் பொருள் கிடைத்த இடத்தையும் குறித்துக்கொள்ளும். மண்ணுக்கு மேல் ஆட்டிப் பார்க்கும் வளையத்தில் சின்ன அளவு, ஒயர் இல்லாத ஹெட்ஃபோன், குழிக்குள் விட்டுப் பார்க்கும் பேனா போன்ற கருவி எல்லாம் கூடுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அம்மாவோடு மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் பழைய வீடு இருந்த இடத்துக்குப் போனேன்.

புதுக் கட்டடத்துக்காக எங்கள் வரிசை வீடுகளை இடித்துக் கல்லை அள்ளியிருந்தார்கள். மறுநாள் அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வரும். வாசல் நிலை வைத்தபோது அப்பா அதன் அடியில் ஊர் வழக்கப்படி கொஞ்சம் பொன் வைத்திருந்தார். அப்பா இப்போது இல்லை. அந்தப் பொன் வந்தால்தான் நாங்கள் புதிதாகக் குடிபோகும் சான்பாடா வீட்டில் பால் காய்ச்சுவேன் என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டாள். அங்கே சாமான்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

வீடு நிற்கும்போது நிலைக்கு அடியில் தோண்ட அவள் விடவில்லை. அதனால் இதே கருவியோடு வாசலில் நின்று இடத்தை மட்டும் குறித்து வைத்திருந்தேன். ஜிபிஎஸ் சில மீட்டர் முன்பின் காட்டும். வயல்வெளியில் அது பெரிய விஷயம் இல்லை. எங்கள் வீடு பத்தடி அகலம். அந்தப் பிசகுக்குள் பக்கத்து வீட்டு வாசலும் அடங்கும்.

இரும்புக்கு ஒலிக்காமல் ஒதுக்கிவிடும்படி கருவியை அமைத்தேன். குட்கா பாக்கெட்டின் தகட்டை ஒதுக்க முடியாது. சின்னப் பொன்னுக்கும் அதே ஒலிதான். ஒவ்வொரு ஒலிக்கும் தோண்டினேன். தகடு, தகடு, பாட்டில் மூடி, தகடு. பக்கத்து வீட்டு அத்தை வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இத்தன வருசம் கக்கூஸுக்கு லைன்ல நின்ன எடத்தயும் காட்டுமா இது?" என்றாள். அம்மா சிரிக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மக்கிய துணித்துணுக்கோடு நெல்லளவு பொன் வந்தது. துடைத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்மதாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ பொறக்கப்போறன்னு ஊர்ல கெடந்தேன். நெல வச்சது அவரு. பொன்னு வச்சிருக்கேன்னு போன்ல சொன்னாரு, அவ்வளவுதான்."

அம்மா அந்தப் பொன்னைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தை, தன் வீட்டுக்காரரும் அவர்கள் நிலைக்கு அடியில் ஏதோ வைத்தார், என்னவென்று தனக்கும் தெரியாது என்றாள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நீங்களே எடுத்துக்கங்க மைனி" என்றாள் அம்மாவிடம்.

"ஒங்க வீட்டுப் பொன்னா இருந்தா? அத வச்சிக்கிட்டு நான் எப்படிப் பால் காய்ச்சுவேன்?"

அத்தையும் கை நீட்டவில்லை. இருவருக்கும் பதில் சொல்லக்கூடிய வசதி எதுவும் எந்த மாடலிலும் கிடையாது. வாட்ச்மேன் நேரமாகிவிட்டதென்று இந்தியில் சத்தம் போட்டான். அம்மா பொன்னைக் குழியில் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளினாள். காலையில் அங்கே என்ன நடக்கும் என்று மூவருக்கும் தெரியும். யாரும் அவளைத் தடுக்கவில்லை.