அக்காவுடன் நடந்த வேகன்

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு ரயில் பாதையை இரண்டு மணி நேரம் மூடவைத்தவன் நான். அதற்கு நான் பயன்படுத்திய கருவி, நியூஜெர்சியில் ஐசலின் என்ற ஊரின் கடைத்தெருவில் வாங்கிய எட்டு எலுமிச்சம்பழங்கள். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு இப்படியொரு தொடக்கம் தகுமா என்று அத்தானிடம் கேட்டேன். "எப்படியும் எல்லாருக்கும் தெரியும். நீயே சொல்லிட்டா கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்" என்றார். என் அக்காவின் கணவர் குறைவாகப் பேசுபவர். பேசினால் இப்படித்தான்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலருக்கு அக்கா "அமெரிக்காவில் ரயில்வேயில் ஏதோ வேலை" பார்த்தவர். சிலர் அவர் ரயில் ஓட்டினார் என்று இன்னும் நம்புகிறார்கள். அந்த "ஏதோ" என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலியில். அப்பா சிறிய ஜவுளிக்கடை வைத்திருந்தார். எங்கள் பள்ளி நாட்களில் ஜங்ஷனில் இரண்டு வகைத் தண்டவாளங்கள் சந்தித்தன. அகலப் பாதையில் வந்த மூட்டைகளை இறக்கி, பக்கத்தில் நிற்கும் மீட்டர் பாதை வேகனில் ஏற்றுவார்கள். அதைப் பார்த்த அக்கா, "மூட்டைய ஏன் மாத்துதீங்க, சக்கரத்த மாத்துங்களேன்" என்று போர்ட்டரிடம் சொன்னதாக எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அக்கா அதைக் கடைசிவரை மறுத்தார். "நான் அன்னைக்குப் பாத்தது மூட்டைய இல்ல. அவரு தூக்குவாளியில என்ன கொண்டாந்திருக்காருன்னு பாத்தேன்" என்பார்.

பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் வகுப்பில் பெண்கள் இருவர். மற்றவர் முதலாண்டிலேயே துறை மாறிப் போய்விட்டார். படிப்பு முடிந்ததும் திருமணம். அத்தானுடன் நியூஜெர்சிக்கு வந்தபோது அக்காவுக்குக் கிடைத்தது வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில், கிரீன் கார்டு வரும்வரை, மகள் கயலை வளர்த்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களின் ஓரங்களில், அச்சில் இருந்த கணக்குகளைப் பென்சிலால் திருத்தியிருந்தார். பிறகு முதுகலை படிக்க, பக்கத்தில் பிஸ்கட்டவே ஊரிலிருந்த பல்கலைக்கழகத்துக்குப் போனார். உடன் படித்த தமிழ்ப் பிள்ளைகள் அவரை ஆன்ட்டி என்றார்கள். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்த பிறகு மேடம் என்றார்கள்.

அவருக்கு வாய்த்தது ஒரு சிறிய பொறியியல் நிறுவனம். அதில் இருபது ஆண்டுகள். அளவு மீறிய, எடை மீறிய பொருள்கள் ரயிலில் போகும்போது பாலத்தில் இடிக்குமா, வளைவில் கவிழுமா என்று கணக்கிட்டு, வரைபடத்தின் அடியில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்துப் போட்டவர், பொருள் நகரும்போது அதன் பக்கத்தில் நடக்க வேண்டும். அலுவலக விதி அப்படிச் சொல்லவில்லை. அக்கா சொன்னார்.

அக்காவின் பின்னால் நானும் அமெரிக்கா வந்தேன்; இடையில் இரண்டு முறை எனக்கு வேலை போயிற்று. இரண்டாம் முறை எட்டு மாதம் அக்கா வீட்டு சோபாவில் கிடந்தேன். எப்போது வேலை கிடைக்கும் என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. "குளிச்சியால?" என்று மட்டும் தினமும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது என்று இன்று நினைக்கிறேன். அன்று எரிச்சலாக இருந்தது.

புற்றுநோய் வந்த இரண்டாவது ஆண்டில் அவருக்கு அந்தக் கடைசி வேலை வந்தது. பென்சில்வேனியா மலைப் பகுதியில் பழைய சுரங்க ரயில் பாதை ஒன்றைத் தன்னார்வலர்கள் ஓட்டிவருகிறார்கள். மூன்றடி அகலமே உள்ள குறுகிய பாதை. அவர்களுக்கு யாரோ ஒரு பழைய நிலக்கரி வேகனை நன்கொடையாகத் தந்தார்கள். அது சாதாரண ரயில் பாதைக்கான வேகன், அதன் பாதை நாலடி எட்டரை அங்குலம். அதை நான்கு மைல் மேலே, சுரங்க வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மேலே போக மண் சாலைகூடக் கிடையாது. அந்தச் சின்னப் பாதைதான் வழி.

செய்முறை பழையதுதான். வேகனின் உடலை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதன் அகலச் சக்கரச் சட்டங்களை உருவிவிட்டு, குறுகிய சட்டங்களை அடியில் தள்ளி, உடலை மெல்ல இறக்குவது. இப்போது இருபத்திரண்டு டன் வேகன், தன் உடம்புக்குப் பொருந்தாத கால்களில் நிற்கிறது. பருத்த மனிதரைக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் உட்காரவைத்தது போல. வளைவில் ஒரு பக்கம் சாயும், காற்றடித்தாலும் சாயும். ஆகவே நடை வேகத்தில்தான் இழுக்க வேண்டும். வேகனின் முகப்பில் கொத்தனார்கள் வைப்பது போன்ற ஒரு ரசமட்டத்தைப் பொருத்தி, குமிழிக்கு இரு புறமும் அக்கா சிவப்புக் கோடு போட்டிருந்தார். குமிழி கோட்டைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவே ஒரு வாரம் அவருக்கு உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கும். அதிலும் காலை வேளையில்தான். அந்த வாரத்தில், காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு மதியத்துக்குள் முடிப்பதாகத் திட்டம். மதியத்துக்குமேல் பாலத்தில் காற்று கூடும் என்பதும் அதற்கொரு காரணம். முந்தைய நாளே போய் மோட்டலில் தங்கினோம். நான் கார் ஓட்டினேன். அத்தானும் கயலும் உடன் வந்தார்கள்.

காலையில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் செய்ததைச் செய்தேன். நம் வீட்டில் எந்த வண்டியும் முதன்முதலில் நகரும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் நகர்ந்ததில்லை. நான் வாங்கிய மூன்று கார்களும், கயலின் முதல் சைக்கிளும் அப்படித்தான் நகர்ந்தன. இந்த வேகனுக்கு எட்டு சக்கரம். குனிந்து குனிந்து, ஒவ்வொன்றின் முன்னாலும் தண்டவாளத்தின் மேல் ஒரு பழம் வைத்தேன். பக்தியோடுதான் வைத்தேன்.

வேலைக் குழுவின் தலைவர் டேவ், அறுபது வயதைத் தாண்டியவர், அதைப் பார்த்துவிட்டார். தண்டவாளத்தில் அடையாளம் தெரியாத பொருள் இருந்தால் வேலையை நிறுத்தி, எட்டுச் சக்கரங்களையும் அவற்றின் கீழுள்ள பாதையையும் சோதித்து, படிவம் நிரப்ப வேண்டும் என்பது விதி. அது நல்ல விதி. டேவ் அதை ஒரு வரிகூட விடாமல் கடைப்பிடித்தார்.

"பொருள்: எலுமிச்சம்பழம். எண்ணிக்கை: எட்டு. நோக்கம்?" என்று பேனாவுடன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"என்னல இது?" என்றார் அக்கா.

"இல்லக்கா, ஃபர்ஸ்ட் டைம் மூவ் ஆகுது… ஒரு சேஃப்டிக்கு."

அக்கா டேவ் பக்கம் திரும்பி, "பாதுகாப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் ஆங்கிலத்தில், முகம் மாறாமல்.

வேகன் புறப்பட்டபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

முதல் மைல் நன்றாகப் போயிற்று. முன்னால் சின்ன டீசல் எஞ்சின், பின்னால் அந்த உயர்ந்த வேகன். அதன் பக்கத்தில் ஆரஞ்சு நிற மேலங்கி, முடி கொட்டிய தலையில் கம்பளித் தொப்பி, கண்ணை ரசமட்டத்தில் வைத்தபடி அக்கா. ஜல்லிக்கல்லில் நடப்பது ஆரோக்கியமான ஆளுக்கே கஷ்டம். இரண்டாவது மைலில் அவர் கையைத் தூக்கினார். எஞ்சின் நின்றது. குமிழிக்கு என்ன ஆயிற்று என்று டேவ் ஓடிவந்தார். குமிழி நடுவில்தான் இருந்தது. அக்காவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

கயல் கொண்டுவந்திருந்த மடக்கு நாற்காலியை விரித்தாள். அக்கா உட்கார்ந்தார். ஆட்கள் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். பத்து நிமிடம் கழித்து எழுந்து கையசைத்தார். வேகன் நகர்ந்தது. அன்று இப்படிப் பதினோரு முறை. அவர் உட்கார்ந்தபோதெல்லாம் இருபத்திரண்டு டன் இரும்பும் காத்து நின்றது. ஒரு தொழிலாளிகூடக் கைக்கடிகாரத்தைப் பார்த்து நான் பார்க்கவில்லை.

நான்காவது முறை டேவ், எஞ்சினில் இருக்கை காலியாக இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அங்கிருந்து ரசமட்டம் தெரியாது என்றார் அக்கா.

"நான் பாக்கேன்க்கா" என்றேன். "குமிழி நடுவுல இருக்கணும், அவ்வளவுதான?"

"எலுமிச்சம்பழம் வச்ச ஆளு நீ. சும்மா வா."

கயல் பிறந்ததிலிருந்து எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறவள். "அம்மா, யூ டோன்ட் ஹேவ் டு ப்ரூவ் எனிதிங்" என்றாள்.

"ப்ரூவ் பண்றதுக்கு ஒண்ணுமில்லடி. சைன் போட்டிருக்கேன்ல" என்றார் அக்கா. வேறு விளக்கம் சொல்லவில்லை. எழுந்துகொள்ள அவளிடம் கையை நீட்டினார்.

பாலத்துக்கு வந்தபோது மணி இரண்டரை. கீழே ஓடை. டேவ் காற்று அளக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்தார். அக்கா தன் வரைபடத்தில் எழுதியிருந்த வரம்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டியது. சற்றுத்தான். "உங்கள் கணக்கில் இதற்கு இடம் விட்டிருப்பீர்கள் இல்லையா?" என்று டேவ் கேட்டார்.

"விட்டிருக்கிறேன். அது இதற்காக விட்ட இடம் இல்லை" என்றார் அக்கா.

காத்திருந்தோம். அத்தான் தன் கோட்டைக் கழற்றிப் புல்லில் விரித்தார். அக்கா அதில் படுத்துக்கொண்டார். இரவுக்குள் முடியாவிட்டால் மறுநாள் வர அவருக்குத் தெம்பிருக்காது. அடுத்த வாரம் சிகிச்சை, அதன்பின் எழுந்து நடப்பாரா என்பதை மருத்துவர்களே சொல்லவில்லை. இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் கூடுதலாக ஒன்று தெரியும். காலையில் அந்தப் பக்கம் ஓர் இலைகூட அசையவில்லை. எட்டு மணிக்குப் புறப்பட்டிருந்தால், காற்று எழும்புவதற்கு முன்பே இந்தப் பாலத்தைத் தாண்டியிருப்போம். அந்த இரண்டு மணி நேரத்தை அவரிடமிருந்து எடுத்தவன் நான்.

ஐந்து மணிக்குக் காற்று இறங்கியது. டேவ் இரண்டு முறை அளந்தார், அக்கா மூன்றாம் முறை அளக்கச் சொன்னார். பிறகு எழுந்தார். பாலத்தின் ஓரத்தில் ஒற்றை ஆள் நடக்கும் பலகைப் பாதை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், வேகனுக்குச் சமமாக நடந்தார். நடுவில் குமிழி மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தது. சிவப்புக் கோட்டுக்கு அரிசியளவு இடம் இருக்கும்போது நின்றது. அக்காவின் கை பாதி உயர்ந்து அப்படியே இருந்தது. குமிழி திரும்பி வந்தது. கையும் இறங்கியது.

சுரங்க வாசலை அடைந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆட்கள் கை தட்டினார்கள். அக்கா படிவத்தை வாங்கி, நேரத்தைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டார். பிறகு, "காபி ஏதும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். கண்ணை மூடியிருந்தவர் திறக்காமலே சொன்னார்: "எல்லா வேலையிலயும் கணக்குல வராத ஒண்ணு உண்டுல. இந்தத் தடவ அது நீ. தெரிஞ்ச ஆளாப் போனது நல்லதாப் போச்சு."

அதன் பிறகு அவர் நான்கு மாதம் இருந்தார். கடைசி மூன்று வாரம் வீட்டிலேயே, ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில். வலி குறைந்த நேரங்களில் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். ஒரு நாள் அவள் தமிழில், தட்டுத் தடுமாறி, "அம்மா, பசிக்குதா?" என்று கேட்டாள். அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அது. ஒரு காலை வேளையில், அத்தான் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போனார்.

அந்த நாட்களில் முறை வைத்துக்கொண்டு ரசமும் இட்லியும் கொண்டுவந்து, காலிங் பெல்லை அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போன பிளெய்ன்ஸ்பரோ தோழிகளுக்கும், நடு வேலையில் எழுந்து வந்து கீமோவுக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டு அங்கிளுக்கும், அக்காவின் தலையணையை அவர் கேட்குமுன்பே திருப்பிப்போடத் தெரிந்திருந்த செவிலியருக்கும், விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல் ஊரிலிருந்து வீடியோவில் அழுத சித்தி குடும்பத்தாருக்கும் எங்கள் வணக்கம். அக்கா இருந்திருந்தால் உங்கள் ஒவ்வொருவரின் பாத்திரத்தையும் கழுவி, உரியவரிடம் சேர்த்திருப்பார். எங்களிடம் இன்னும் ஐந்து இருக்கின்றன. தயவுசெய்து வந்து அடையாளம் காட்டுங்கள்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு, மூன்று மணி நேரம் கார் ஓட்டி, டை கட்டிக்கொண்டு டேவ் வந்திருந்தார். அவருக்கும் அவர் ஆட்களுக்கும் நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வேகன் அங்கே நிற்கும்வரை அக்காவும் அந்த மலையில் நிற்பார் என்று ஏதோ சொன்னேன். அவர் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இன்று சொல்லக் கூடாது என்று நினைத்தேன்" என்றார். "வரும் வசந்தத்தில் அதைத் திரும்பக் கீழே கொண்டுவரச் சொல்கிறது எங்கள் ரயில் பாதைக் கமிட்டி. பார்க்க வருகிறவர்களுக்கு மேலே கழிப்பறை இல்லையாம்."