மரப்பாச்சிக்கும் வெல்லம்

காலை எட்டே கால் மணிக்குத் திருச்சி கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். கரூரிலிருந்து நாற்பத்தைந்து மைல் சொச்சம். நான், மனைவி மரகதம், நாலு வயது மகன் ரங்கசாமி, பத்து வீசை வெல்லம். ஐப்பசியில் பையன் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் அவன் எடைக்கு வெல்லம் தருவதாக மரகதம் ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டாள். அதே மாதிரிக் காய்ச்சலில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் மூத்தவள் செல்லம் போனாள். அவளுடைய மரப்பாச்சியைப் பையன் கையிலிருந்து எவராலும் வாங்க முடியாது.

ஸ்ரீரங்கம் மூன்று மைல், ஜட்கா ஆறணா. வெல்லக் கூடையைப் பின்னால் வைத்து ஏறியதும், குதிரை பூட்டிய ஏர்க்கால் மேலே தூக்கிக்கொண்டது. பின்பாரம் கூடிவிட்டது, கூடையை முன்னால் தள்ளி உட்காருங்கள் என்றார் வண்டிக்கார சாய்பு. தள்ளி உட்கார்ந்தேன், இப்போது முன்பாரம் என்றார். காவேரிப் பாலம் தாண்டும்வரை நகர்ந்துகொண்டே இருந்தேன். ஒரு பாரத்துக்கு எதிர்ப்பாரம் வைப்பது இவ்வளவு தொல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

ஒன்பதரை மணிக்கு உத்தர வீதியில், வேண்டுதல் நிறுக்கும் ஒரு சிறிய மண்டபத்தில் நுழைந்தோம். பெரிய தராசு தொங்கியது. ஒரு பக்கம் குழந்தை உட்காரப் பிரம்புக்கூடை, மறுபக்கம் வெறும் தட்டு. நிறுக்கிற ஐயங்கார் அந்தத் தட்டில் கருங்கல் துண்டுகளை அடுக்க ஆரம்பித்தார். மரகதம் என் கையைக் கிள்ளினாள். வெல்லம் வைக்கும் இடத்தில் கல்லை வைத்தால் வேண்டுதல் குறைபட்டுப் போகாதா? எனக்கும் அதே பயம். கேட்டேவிட்டேன்.

"தடை கட்டறேன். கூடை எடை பெருமாளுக்கு எதுக்கு? அதுக்கு ஈடா கல்லை வெச்சுட்டா, அப்புறம் குழந்தை மட்டுந்தான் எடை" என்றார்.

கரூர் நெய்க்கடையில் செம்புக்கு எதிரே கல் வைப்பதை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். அதற்கு ஒரு பேர் உண்டென்று கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த தடை காரியத்தைக் கெடுப்பது. இது காரியத்தை நேராக்குகிறதே! தட்டு சாயாமல் தடுப்பதால் தடை என்று ஐயங்கார் விளக்கினார். பக்கத்தில் தேங்காய் விற்றவரோ, தட்டில் வைப்பதால்தான் அந்தப் பேர் என்று சாதித்தார். இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. தலை சுற்றியது.

பையனைக் கூடையில் உட்கார வைத்தோம். மரப்பாச்சியை வாங்க ஐயங்கார் கை நீட்டினார். பையன் போட்ட கூச்சலில் தராசே ஆடியது.

"போகட்டும், பொம்மைக்கும் ஒரு சின்னத் தடை கட்டிடறேன்" என்று ஒரு கல்லை எடுத்தார்.

"வேண்டாஞ் சாமி" என்றாள் மரகதம். "அதுக்குக் கல்லு வைக்காதீங்க. அதுக்கும் வெல்லமே வைக்கிறேன்."

ஐயங்கார் புரியாமல் என்னைப் பார்த்தார். இல்லாமல் போன மூத்தவளுடையது என்று மட்டும் சொன்னேன். கல்லைக் கீழே வைத்துவிட்டார்.

கொண்டுபோன பத்து வீசையும் போதவில்லை. பையன் தேறியிருக்கிறான் என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது. எதிர்க்கடையில் இன்னும் அரை வீசை வாங்கி வைத்தபிறகு முள் நேராக நின்றது.

பதினொரு மணிக்கு அதே ஜட்காவில் திரும்பினோம். தடை என்கிற சொல் எங்கிருந்து வந்தது என்று சாய்புவிடமும் கேட்டேன். அவருக்குத் தெரிந்தது முன்பாரமும் பின்பாரமும்தான். பாலத்தின் நடுவில், தூங்கிப்போன பையன் கையிலிருந்து மரப்பாச்சி நழுவியது. மரகதம் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"செல்லத்துக்கு மூணு நாள் காய்ச்சல்தாங்க. நேர்ந்துக்கக்கூட நேரமில்லாம போச்சு" என்றாள்.