ரிப்போர்ட்டின் மறுபாதி

அண்ணனின் குடலிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். சென்னையில் ஒரு லேபில் அதைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். வெயிலில் மெழுகு உருகிவிடும் என்று பயந்து, ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துப் பொம்மிடியில் ரயில் ஏறினேன். லேபில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். நானும் பி.எஸ்சி. படித்தவள்தான், பயம் வந்தால் படிப்பாவது ஒன்றாவது.

ரிசல்ட் வந்ததும் டாக்டரிடம் நான் மட்டும் போனேன். மரபணு நகலாகும்போது விழும் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் இருக்கின்றன, அண்ணனின் கட்டியில் அவற்றில் இரண்டைக் காணவில்லை, அதனால் பிழைகள் குவிந்துகொண்டே போகின்றன என்றார். ஆனால் இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் இந்த வகை திரும்பி வருவது குறைவு, அண்ணனுக்கு நல்ல சேதிதான் என்றார். கும்பிட்டுவிட்டு எழுந்தேன். உட்காரச் சொன்னார். இது பரம்பரையாக வந்திருக்கலாம், கூடப்பிறந்த நானும் அண்ணன் மகனும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். என் மகளை அந்தப் பையனுக்குத்தான் நிச்சயம் செய்திருக்கிறோம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு பேருக்கும் இருந்தால், பிறக்கும் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே புற்றுநோய் வரக்கூடும், பார்க்காமல் கல்யாணம் வைக்காதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். பல நாளாகச் சோற்றைத் தொடாத மனுஷன் அன்று இரண்டு தரம் ரசச் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"வைகாசியிலயே கல்யாணத்த முடிச்சிடலாம், பாப்பா" என்றார்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால், சீக்குக்காரன் வீட்டுக்குப் பெண் கொடுக்கப் பயந்து டாக்டரைச் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். ஊர் வாய்க்குப் பயந்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அண்ணனே அப்படி நினைத்துவிடுவாரோ என்றுதான் பயந்தேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

கல்யாணம் முடிந்த பிறகு யாருக்கும் தெரியாமல் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கு இருக்கிறது. மகளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அண்ணன் தேறிவிட்டார், வண்டி ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வருகிறார்.

போன வாரம் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு இது மூன்றாம் மாதம்.

"குடும்பத்துல பரம்பரையா ஏதாவது நோவு இருக்குதான்னு நர்ஸ் கேக்கறாங்கம்மா. என்னன்னு சொல்றது?"

"மாமாவுக்குப் புத்து நோவு வந்துச்சி, சரியாயிடுச்சின்னு சொல்லு" என்றேன்.

அவள் அதை அப்படியே நர்ஸிடம் சொன்னது எனக்குக் கேட்டது.