அக்கா என்னைக் கையெழுத்து வைக்க விடாத வெள்ளிக்கிழமை

சிவபெருமானின் பாதத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழை பார்த்துத் தருகிறவர்தான் இப்போது இல்லை.

அக்கா சாவகச்சேரியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயாவுக்குச் செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் வேலை கிடைத்ததும் குடும்பமாகக் கொட்டாஞ்சேனைக்கு வந்தோம். ஐயா காலமானபோது அக்கா உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தார். அடுத்த மாதமே புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் வேலைக்குப் போய், தலை நரைக்கும்வரை காணி உறுதிப் பத்திரங்கள் தட்டெழுதினார். அந்தச் சம்பளத்தில்தான் என் கலியாணமும் நடந்தது.

இப்படிப்பட்டவரில் எனக்கு அன்பைவிட எரிச்சல்தான் கூட இருந்தது. இதை மறைத்து எழுதினால் சுவாமி பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா எதற்கும் அக்காவைத்தான் கேட்பா. என் கணவரும் “மச்சாளிட்டை ஒரு சொல்லுக் கேப்பம்” என்பார். கலியாணம் முடித்து அக்கா வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டுக்குப் போனார். கடற்காற்றில் அவர் வீட்டு உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காயும். கொட்டாஞ்சேனையில் என் மாமா மாமி விட்டுப்போன வீட்டில் மழை நாளில் மூன்று நாளானாலும் ஈரம் போகாது. ஒவ்வொரு வெள்ளியும் கோயிலிலிருந்து அக்கா வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அந்தக் கொடியைத்தான் பார்த்திருப்பேன்.

அதே கட்டடத்தில், அக்காவுக்கு இரண்டு மாடி மேலே, ஒரு வீடு விலைக்கு வந்தது. எனக்கு அது வேண்டும் என்று நின்றேன். எங்களுக்கு இருந்த ஒரே சொத்தான கொட்டாஞ்சேனை வீட்டை ஈடு வைத்தால் பணம் தருவதாக ஒரு நிதிக் கம்பனிப் பெடியன் சொன்னான். வங்கி கேட்கும் வட்டியில் பாதி. பிணைக்கு ஆள் வேண்டாம், இரண்டு நாளில் பணம். நெற்றியில் திருநீறும் சந்தனமுமாக வந்தவனை நான் வேறொன்றும் கேட்கவில்லை. ஐயரிடம் போய் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகுகாலம் தொடங்க முன் என்று நேரம் மட்டும் எடுத்து வந்தேன். அக்காவுக்குச் சொல்லவேண்டாம் என்று கணவருக்குக் கட்டளை போட்டேன்.

அவர் சொல்லிவிட்டார். நாங்கள் கம்பனிக் கந்தோருக்குப் போனபோது அக்கா கண்ணாடியும் போட்டுக்கொண்டு அங்கே இருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது.

பத்திரங்கள் எல்லாம் இங்கிலீசில். அக்கா ஒவ்வொரு தாளாக வாசித்தார். இந்தக் குறைந்த வட்டி எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். முதல் ஆறு மாதத்துக்கு என்றான். பிறகு? கம்பனி தீர்மானிக்கும். முந்திக் கட்டி முடித்தால் அதற்கும் தனியாக ஒரு கட்டணம். எல்லா இடமும் இப்படித்தானே என்று நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெடியனும் பணிவாக, அம்மா நேரம் போகுது, ராகுகாலம் வரப்போகுது என்றான்.

“ராகுகாலத்திலை வாசிக்கிறதுக்குத் தோசமில்லை, தம்பி,” என்று அக்கா அடுத்த தாளைப் புரட்டினார்.

கடைசியில் இருந்த உறுதியை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

“பிள்ளை, மேலை இருக்கிறது ஈடு. அடியிலை வைச்சிருக்கிறது அறுதி. இதிலை கையெழுத்து வைச்சால் வீட்டை வித்துப்போட்டாய் எண்டுதான் அர்த்தம்.”

அது ஒரு பாதுகாப்புக்குத்தான், பணம் கட்டி முடிய வீட்டைத் திருப்பி எழுதித் தருவோம் என்றான் பெடியன். அது எந்தத் தாளில் இருக்கிறது என்று அக்கா கேட்டார். அவன் முகாமையாளரைத் தேடிப் போனான். அதற்குள் பத்தரையாகிவிட்டது.

“எங்கடை நேரம் போயிட்டுது,” என்றேன். “நான் உங்களுக்கு மேலை வந்து இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கேல்லை.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“ஓம், பொறுக்கேல்லை எண்டே வைச்சுக்கொள். கையெழுத்தை மட்டும் வையாதை.”

கணவர் எழும்பிவிட்டார். நானும் வரத்தான் வேண்டியிருந்தது. எட்டு மாதம் நான் வெள்ளவத்தைப் பக்கம் போகவில்லை.

எங்கள் ஒழுங்கையில் தையற்கடை வைத்திருந்த குடும்பம் அதே மாதிரிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்திருந்தது. இரண்டு மாதம் கட்டப் பிந்தினார்கள். வீடு வேறு ஆளுக்கு விற்கப்பட்டது. சாமான்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மட்டக்குளியில் ஒரு அறைக்குப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். அடுத்த நாள் புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன். அவர் அந்தக் கதையையே எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, குழம்புக்குப் புளி கூடிப்போச்சு என்றார். குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அக்காவே சரி என்று ஆனதிலும் எனக்குப் பொறாமைதான்.

பிறகு அத்தான் காலமானார். அக்காவுக்கு நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதானது. கடைசி இரண்டு மாதமும் ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அதற்காவது ஆண்டவன் என்னை விட்டான்.

செத்தவீட்டுக்கு நான் முன்பின் கண்டிராத ஆட்கள் வந்தார்கள். ஹெந்தளையிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்க அம்மா, எங்கடை வீட்டுப் பத்திரத்தையும் இவதான் வாசிச்சுச் சொன்னவ என்று அழுதா. அப்படி ஆறேழு பேர். எனக்காக மட்டுமே அக்கா இப்படி வந்து இருந்து வாசித்தார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தவள் நான். பெட்டியருகில் நின்றும் அந்தப் பொறாமை போகவில்லை. இன்னும் போகவில்லை.

கனடாவிலிருந்து வந்து கிரியைகளைச் செய்த அக்காவின் மகனுக்கும், அக்காவை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போய் வந்த பக்கத்து வீட்டாருக்கும், தாதிமாருக்கும், தேத்தண்ணி கொண்டுவந்து தந்த எல்லோருக்கும் கைகூப்பி என் நன்றி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு கொட்டாஞ்சேனை வீட்டில். அக்கா வாசித்துக் கொடுத்தவர்களும் தயங்காமல் வாருங்கள். வீடு எங்கள் பெயரில்தான் இருக்கிறது.