மூன்றாவது சங்கு

எங்கள் ஊர்ப் பக்கம் சங்கு என்றால் சாவுச் சங்குதான். கோயிலிலும் ஊதுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை; ஆனால் தெருவில் அது கேட்டால் யார் போனது என்று விசாரிக்கத்தான் வாசலுக்கு வருவோம். கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த மறுநாள் காலையில், சங்கு ஊதிவிட்டது, நேரமாகிவிட்டது என்று கணவர் சைக்கிளை எடுத்தபோது, யார் போனது என்று கேட்டேன். தொழிற்சாலைச் சங்காம். சிரித்துவிட்டுப் போனார். போகப் போகப் பழகிக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில் மகள் பிறந்தாள், மாசம் நிறையாமல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மார்பில் வாய் வைத்தாலும் உறிஞ்சத் தெம்பில்லை. புட்டியின் ரப்பரையும் நாக்கால் தள்ளினாள். மதியத்துக்குள் அழுகையும் நின்றுபோனது. அவள் அழாமல் கிடந்தது அழுததைவிடப் பயமாக இருந்தது. கணவர் வேலையில். அம்மா ஊரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். ஆவடியை ஒட்டிய சேக்காட்டுக்காரி, கிட்டத்தட்ட என் வயதுதான். அவள் புருஷனுக்கும் அதே தொழிற்சாலை. வந்தவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொயந்தைக்கு சங்கு வோணும்க்கா. ஊட்ல கீதா?"

எல்லாம் முடிந்துவிட்டது என்கிறாள் என்றே நினைத்தேன். பிள்ளையை இறுக்கிக்கொண்டு, உயிர் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, பாருங்கள் என்று கத்தினேன். அவள் திகைத்துப்போய், வாயில் பால் ஊற்றுவதுபோல் கையைச் சாய்த்துக் காட்டினாள். அப்புறம்தான் புரிந்தது. மூக்கு நீண்ட சின்னக் கிண்ணத்தை நாங்கள் பாலாடை என்போம். இவர்களுக்கு அதுதான் சங்கு. என்னிடம் அது இல்லை. அம்மா கொண்டுவருவாள் என்று இருந்துவிட்டேன்.

அவள் ஓடிப்போய் ஒன்றை எடுத்துவந்து வெந்நீரில் போட்டெடுத்தாள். பாலைப் பீய்ச்சி அதில் விட்டுக் கொடுத்தேன். குழந்தையின் வாய்வரை கொண்டுபோனவள் கையை நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லிட்றேன்க்கா. இது எம் பொண்ணோடது. அது தங்கல. உனுக்கு மனசு ஒப்பலன்னா வோணாம்."

அவளுக்குப் பிள்ளையே பிறந்ததில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மகளை அவள் மடியில் கிடத்தி, நீங்களே ஊட்டுங்கள் என்றேன். முதலில் விட்ட பால் கடைவாயில் வழிந்தது. அடுத்தது உள்ளே இறங்கியது. அந்தச் சின்னத் தொண்டை அசைந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். எங்களில் அவள்தான் முதலில் அழுதாள்.