மல்லிகா அக்காவும் எரியாத இழையும்

காலையில் கடை திறந்து, நேரலைக்காகச் செல்போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது தாமல் கிராமத்திலிருந்து மல்லிகா அக்காவின் கணவர் அழைத்தார். "உங்க அக்கா பூட்டாம்மா. மூச்சு அடைச்சிக்கினு ஆஸ்பத்திரி வாசல்லயே பூட்டா," என்றார். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக்கடை நேரலையில் அக்கா பேசுவார், நான் புடவையை விரித்துக் காட்டுவேன். அந்தக் குரலை நம்பிப் புடவை வாங்கிய உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அது அவருக்கு இரண்டாவதாக வந்த குரல். கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் செய்ததில் ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்து, ஓராண்டு வெறும் காற்றாகத்தான் பேசினார். பிறகு ஒரு மருத்துவர் தொண்டைக்குள் மெல்லிய வெள்ளைப் பட்டை ஒன்றை வைத்து அந்த நாணை நடுவுக்குத் தள்ளினார். "ரிப்பேர் பண்ண ரேடியோம்மா, ஆனா ஸ்டேஷன் எடுக்குது" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். ஆண்டுதோறும் வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். இரண்டு முறை போனார். அப்புறம் நான் நினைவூட்டினால், "சும்மா கெடக்குற சங்க எதுக்கு ஊதிக் கெடுக்கணும்?" என்பார். காட்டப்போய் அந்தப் பட்டையை எடுத்துவிட்டால் மறுபடியும் காற்றாகிவிடுவோமோ என்று அவருக்குப் பயம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வற்புறுத்தவில்லை.

எட்டு வருடம் கழித்து, போன ஆடியில் இருமல் பிடித்தது. புடவையின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கத்தரிக்கிற கடையில் யாருக்குத்தான் இருமல் இல்லை? ஒருநாள் நேரலை முடிந்ததும் நகம் நீளத்துக்கு வெள்ளையாக எதையோ கைக்குட்டையில் துப்பினார். லேசாக ரத்தம் இருந்தது. நூல் தொண்டைக்குள் போயிருக்கிறது என்று இருவருமே முடிவு கட்டினோம். எங்கள் ஊரில் சந்தேகமான நூலைக் கண்டால் கை தீப்பெட்டிக்குப் போய்விடும். பட்டென்றால் மயிர் கருகும் நாற்றம் வரும், சாம்பல் பொடியும். கழுவித் துடைத்து நான்தான் கொளுத்திப் பார்த்தேன். நாற்றம் வரவில்லை, தீயும் பற்றவில்லை. ஓரம் மட்டும் சுருங்கியது. "பாத்தியா, கலப்பட நூல் போட்டுக்கினு இருக்கான்," என்று அக்கா நூல் வியாபாரியைத் திட்டினார். அந்த வியாபாரியிடம் காட்டிச் சண்டை போட அதை ஓர் அட்டையில் ஒட்டி வைத்தேன். பட்டில்லை என்று கண்டுபிடித்த நாங்கள், பிறகு அது என்ன என்று கேட்கவே இல்லை.

அதற்குப் பின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம். மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். கடைசி நேரலையில் பாதியில் நிறுத்தி, "நீ பேசு சாந்தி, நான் விரிக்கிறேன்," என்றார். இரண்டாம் நாள் அந்தப் போன் வந்தது.

உள்ளே வைத்த அந்தப் பட்டை வருடக்கணக்கில் நகர்ந்து, சதையைத் துளைத்து வெளியே வந்து, சீழ் வைத்து மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது என்று பழைய சீட்டுகளைப் பார்த்த மருத்துவர் சொன்னாராம். காரியம் முடிந்த அன்று அக்காவின் கணவர் என்னிடம், "தொண்டையிலேந்து எதுனா வெளிய வந்துச்சான்னு கேட்டாங்கம்மா. இல்லன்னுட்டேன். சரிதானே?" என்றார். இந்த எழுத்துதான் அவருக்கு நான் சொல்லும் பதில்.

அக்காவினுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அட்டை ஒன்றுதான். ஓரம் சுருங்கிய அந்த வெள்ளைத் துண்டுக்குக் கீழே, நூல் வியாபாரியின் பெயரை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.