ஆளில்லாத படங்கள்

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெருவொன்றில் ஒரு வீட்டுக்குள் இருந்தேன். வாழ்ந்தேன் என்று எழுதத்தான் கை போகிறது. இருந்தேன் என்பதே சரி. கணவர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். போனால் திரும்பி வர ஒரு வருடம் ஆகும். கப்பலுக்குப் போனவன் பெண்டாட்டி தெருவில் நடமாடக் கூடாது என்பது மாமியின் சட்டம். ஞாயிறு பூசைக்கு மட்டும் போகலாம், அதுவும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே. நான் வந்த பிறகு தெருப் பக்கத்துச் சன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். துறைமுகத்தில் கப்பல்கள் ஊதுவது கேட்கும். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

முதல் விடுமுறை முடிந்து கிளம்பும்போது, சிங்கப்பூரில் வாங்கிய கேமராவை அவர் என் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்றும் காட்டினார். வருவதற்குள் ரோலை முடித்து வைக்கச் சொன்னார். எதைப் பிடிப்பது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் உருப்படியாக வெயில் வரும் இடம் ஒன்றுதான். அடுக்களைக்கு முந்திய அறையின் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். காலையில் அதன் வழியே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெயில் சுவரில் விழும், மெல்லத் தரைக்கு இறங்கும், மதியத்தில் போய்விடும். மாதா சுரூபத்துக்குச் சனிக்கிழமை வைக்கிற பூக்களைத் திங்கட்கிழமை எடுப்போம். மாதாவுக்கு வைத்த பூ கால்பட்டுவிடக் கூடாது, குப்பைக்கும் போகக் கூடாது. முருங்கை மூட்டில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அது என் வேலை. ஒருநாள் அப்படி எடுத்துப்போன செவ்வந்தியின்மேல் அந்த வெயில் பட்டது. ஓரம் கருகித் தொங்கிய இதழ்களுக்குள் நரம்பு நரம்பாக வெளிச்சம் ஓடியது. குழியை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைகள் எனக்கு விடிந்தன. கொடியில் வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் முக்காலியில் தம்ளர் வைத்து, சம்பங்கியைச் சாய்த்தும் கோழிக்கொண்டையைத் தனியாகவும் நிறுத்திப் படம் பிடித்தேன். நான் நகர முடியாத வீட்டுக்குள் வெயில் நகர்ந்தது. அதன் பின்னாலேயே முக்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மாமிக்கு அந்த நேரம் செபமாலை நேரம். ரோல் தீரக் கூடாதே என்று கஞ்சத்தனமாகப் பிடித்தும், ஒருநாள் தீர்ந்துவிட்டது.

மகனுக்கு அனுப்ப மருமகள் படங்கள் இருக்கும் என்ற நினைப்பில் மாமியே ரோலை ஸ்டுடியோவில் கொடுத்தார். அவரேதான் போய் வாங்கியும் வந்தார். நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். அவர் தலைக்கு மேலே மாமாவின் அடக்கப் படம் மாட்டியிருந்தது. எங்கள் ஆட்களிடம் அது ஒரு வழக்கம். சவப்பெட்டியைச் சுற்றி வீட்டார் நிற்க, பூக்காரரைப்போலவே போட்டோக்காரரையும் வரவழைத்துப் படம் எடுத்துச் சட்டம் போடுவார்கள். அந்தப் பெட்டிமேலும் வெள்ளைத் துணி, செவ்வந்தி, சம்பங்கி. தினமும் தூசி தட்டிய எனக்கு அது உறைக்கவே இல்லை.

மாமி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கடைசிப் படம் வந்ததும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல ஆளு எங்க ஏளா?"

மடியிலிருந்த படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வெள்ளத் துணி, பூவு. எம் மவன் கடல்ல கெடக்கான். நீ இங்கன யாருக்குப் பூ வச்சிருக்க?"

கேமரா பீரோவுக்குள் போனது, சாவி அவர் முந்தானையில். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் கப்பலிலிருந்து கடிதம் வருவது தள்ளிப்போகத் தள்ளிப்போக ஆத்திரம் பயமாக மாறியது. நானே கணவரைக் கொன்றுவிட்டேனோ என்று மாமியோடு சேர்ந்து முழங்காலில் நின்று அழுதேன். திங்கட்கிழமை பூக்களைப் பார்க்காமலே புதைத்தேன்.

கணவர் கருத்துத் தடித்து, நல்ல சுகமாக வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். படங்களைக் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைதேர்ந்த ஆள் பிடித்ததுபோல இருக்கிறது என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கேமரா திரும்ப வந்துவிடும் என்றே நினைத்தேன்.

கிளம்புகிற அன்று அதைத் தன் பெட்டிக்குள் வைத்தார். "அம்மா மனசு சங்கடப்படுதுல்லா. எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார், ரொம்பப் பிரியமாக.

சில மாதங்கள் கழித்து, ஏதோ ஐரோப்பியத் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய கலர் படம் அனுப்பினார். தெருவோரப் பூக்கடை. வாளி வாளியாக வெட்டிய பூக்கள்; மேலே தாராளமாக வெயில். எனக்குப் பிடிக்கும் என்றே எடுத்ததாக எழுதியிருந்தார். மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. மகன் எடுத்த படமென்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். சட்டம் போட்டு, மாமாவின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

அதிலும் ஆள் யாரும் இல்லை. அதையும் சேர்த்துத் தூசி தட்டச் சொன்னார்.